கோயில் மாலையா, பதிவுச் சான்றா, சிறப்புச் சட்டமா: செட்டிநாட்டில் எந்த வழித் திருமணம்?

செட்டிநாட்டுக் கல்யாணப் பேச்சில் மண்டபமா சொந்த வீடா, எத்தனை வேளை விருந்து, சமையலுக்கு யார் என்பதெல்லாம் சீக்கிரமே முடிவாகிவிடும். எந்தச் சட்டப்படி கல்யாணம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் மணமக்கள் இரு மதத்தினர், ஒருவர் வெளிநாட்டுக் குடிமகன், பாகம் பிரியாத பூர்வீக வீட்டில் பங்கு இருக்கிறது, ஒருவருக்கு இது இரண்டாவது திருமணம் என்ற நான்கில் ஏதாவது ஒன்று இருந்தால், தேதி குறிக்கும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். பின்னால் கேட்டால் வீட்டுப் பத்திரத்தில்தான் பதில் வரும்.

முதலில் பலரும் போகும் வழி. இந்துக்கள் இருவருக்கு 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். இதில் இந்து என்றால் பௌத்தர், சமணர், சீக்கியரும் அடக்கம். நிபந்தனைகள் குறைவு: ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 வயது, இருவருக்கும் உயிரோடு இன்னொரு வாழ்க்கைத் துணை இருக்கக் கூடாது, சம்மதம் சொல்லும் மனநிலை வேண்டும், விலக்கப்பட்ட உறவாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தால் நம் ஊர்க்காரர்கள் திடுக்கிடுவார்கள். அண்ணன் தங்கை பிள்ளைகள் கட்டிக்கொள்வதையும், தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவதையும் சட்டம் விலக்கப்பட்ட உறவில்தான் வைத்திருக்கிறது. கூடவே, வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்ற விலக்கும் இருக்கிறது. அத்தை மகளும் மாமன் மகனும் இங்கே சட்டப்படி தம்பதியாக இருப்பது அந்த ஒரு வரியின் புண்ணியத்தில்.

சடங்கு எது என்பதைச் சட்டம் மணமக்களின் வழக்கத்துக்கே விட்டுவிடுகிறது. நகரத்தார் வீட்டில் திருப்பூட்டுவதும், இரு வீட்டாரும் ஒப்பமிட்டு இசைகுடிமானம் என்ற மண ஒப்பந்தம் எழுதுவதும், இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரையிலான ஒன்பது நகரக் கோயில்களில் தத்தம் கோயிலிலிருந்து மாலை வருவதும், மணமான பிறகு கோயிலில் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, கணக்கில் சேர்வதும் அந்த வழக்கம். அரசாங்கம் திருமணப் பதிவைக் கட்டாயமாக்குவதற்கு வெகு காலம் முன்பே கல்யாணத்தை எழுத்தில் வைத்த சமூகம் இது. ஆனாலும் கோயில் பதிவும் அரசுப் பதிவும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை. புள்ளி இல்லை என்பதற்காக ஒரு திருமணம் சட்டத்தின் முன் செல்லாமல் போகாது. புள்ளி இருக்கிறது என்பதற்காகத் தூதரகத்தில் விசா கிடைக்காது. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்களுக்குள் மணம் கூடாது என்பதும் சமூகக் கட்டுப்பாடுதான், சட்டத் தடை இல்லை. சமூகத்துக்கு வெளியே மணம் முடித்தவருக்குப் புள்ளி உண்டா என்பதைக் கோயிலில் பேசித் தீர்க்க வேண்டும். சார்பதிவாளர் அதைக் கேட்கவே மாட்டார்.

அய்யரும் வேண்டாம், ஓமமும் வேண்டாம் என்பவர்களுக்கு அதே சட்டத்துக்குள் இன்னொரு வாசல் இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணத்துக்கானது. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்லலாம். மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். இதற்கு மண்டபமும் கூட்டமும் வேண்டுமா என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடப்பது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் சொன்னதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரறிய நடத்த வேண்டும் என்ற நிபந்தனை 7ஏ பிரிவில் இல்லை. வழக்கறிஞரும் நண்பராகவோ உறவினராகவோ இருந்து நடத்தி வைக்கலாம்.

சடங்குத் திருமணத்தையும் 7ஏ திருமணத்தையும் ஒப்பிட்டால் உரிமைகளில் துளி வித்தியாசம் கிடையாது. வாரிசுரிமை, ஜீவனாம்சம், விவாகரத்து எல்லாம் ஒன்றே. வித்தியாசம் செலவிலும் வேகத்திலும் யாருடைய சம்மதம் வேண்டும் என்பதிலும்தான். சாதி மாறிக் கல்யாணம் செய்யும் இந்துக்கள் இருவருக்கு, வீட்டில் எதிர்ப்பு இருந்தால், என் கணிப்பில் 7ஏ-தான் முதல் தேர்வு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் உள்ளது போன்ற காத்திருப்பு இல்லை, அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்காது. சாதி மறுப்புத் திருமணத்துக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு நிதியுதவித் திட்டத்தில், தகுதி இருந்தால், கல்வித் தகுதியைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்க நாணயமும் உண்டு.

இனி பதிவு. இங்கேதான் பெரிய குழப்பம். 'ரிஜிஸ்டர் மேரேஜ் செய்துவிட்டோம்' என்று சொல்லும் இந்துத் தம்பதிகளில் பலருக்குச் சார்பதிவாளர் கல்யாணம் செய்து வைத்ததாகவே நினைப்பு. அவர் செய்வது, ஏற்கெனவே நடந்த திருமணத்தைக் குறித்துக்கொள்வது மட்டுமே. சடங்கும் இல்லாமல், 7ஏ உறுதிமொழியும் இல்லாமல், சான்றிதழ் மட்டும் வாங்கினால் அங்கே திருமணமே இல்லை. விசாவுக்காகவும் வங்கிக் கடனுக்காகவும் இப்படி 'முதலில் பேப்பர், கல்யாணம் பிறகு' என்று செய்கிறவர்கள் உண்டு. 2024-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கண்டித்தது: சடங்கு நடக்காத இந்துத் திருமணத்துக்குப் பதிவுச் சான்றிதழ் உயிர் கொடுக்காது. நோட்டரி முத்திரை குத்திய 'திருமண ஒப்பந்தம்' இதைவிட மோசம். அதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

மாறாக, கல்யாணம் ஊரே பார்க்க நடந்திருந்தாலும் பதிவு செய்யாமல் விடக் கூடாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி எந்த மதத் திருமணமும் பதிவாக வேண்டும்; 90 நாள் கெடு, அதைத் தவறவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். முன்பு திருமணம் நடந்த ஊரின் சார்பதிவாளரிடமே போக வேண்டியிருந்தது. கானாடுகாத்தானில் தாலி கட்டிவிட்டு மறுவாரமே சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பும் பிள்ளைகள் 'அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பார்க்கலாம்' என்று விட்டது அதனால்தான். 2020 திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்குள் மணமகனோ மணமகளோ குடியிருக்கும் இடத்திலும் பதியலாம். விண்ணப்பத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நிரப்பி, அழைப்பிதழ், வயது மற்றும் முகவரிச் சான்று, புகைப்படங்கள், சாட்சிகளோடு நேரில் போனால் போதும்.

பதிவுக்குப் போகும்போதே இன்னொரு தாளையும் தயார் செய்துவிடுங்கள். சாமான் பரப்பிய வீட்டில் வெள்ளியும் பித்தளையும் எவர்சில்வரும் எண்ணி எழுதுவது இங்கே பழைய பழக்கம். 1985-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்ட விதிகளும் அதையேதான் கேட்கின்றன: என்ன பொருள், தோராய மதிப்பு, யார் கொடுத்தது, என்ன உறவு என்ற பட்டியல்; மணமக்கள் கையொப்பத்தோடு. கேட்டு வாங்குவது 1961 முதல் குற்றம், பட்டியல் அதை மறைக்காது. ஆனால் நாளைக்குப் பிரிவு என்று வந்தால் எது பெண்ணின் சீதனம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சரி, மணமக்கள் வேறு வேறு மதம் என்றால்? கிறிஸ்தவரும் இந்துவும் என்றால் தேவாலயம் வழியாக 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் இடம் உண்டு. ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். இருவரும் முஸ்லிம் என்றால் நிக்காஹ், மஹர், சாட்சிகள், ஜமாஅத் பதிவு, பிறகு 2009 சட்டப் பதிவு. அதில் சிக்கல் ஒன்றுமில்லை. முஸ்லிம் ஒருவரும் இந்து ஒருவரும் என்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் நேரான வழி. தேதி சீக்கிரம் வேண்டும் என்பதற்காக ஒருவர் மதம் மாறுவது இங்கே அடிக்கடி கேட்கும் யோசனை. நம்பிக்கையோடு மாறுகிறவரைப் பற்றி நான் பேசவில்லை. சிறப்புச் சட்டத்தின் முப்பது நாள் அறிவிப்புக் காலத்தை மிச்சம் பிடிக்க மாறுவது, சாதிச் சான்றிதழ் முதல் வாரிசுரிமை வரை அத்தனையையும் கலைத்துப் போடும்.

சிறப்புச் சட்டத்தின் நடைமுறை இது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். பிறகு திருமண அதிகாரியிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். முப்பது நாளுக்குள் செல்லத்தக்க ஆட்சேபம் வராவிட்டால், அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகள் முன்னிலையில் அவரே திருமணத்தை நடத்தி வைப்பார். கட்டணம் கட்டினால் வீட்டுக்கே வந்து நடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு, விருப்பப்பட்ட சடங்கையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்சேபம் என்றால் வயது, முந்தைய திருமணம், உறவுமுறை போன்ற சட்ட நிபந்தனைகள் சார்ந்ததாக இருக்க வேண்டும். 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று பெற்றோர் எழுதிக் கொடுப்பது ஆட்சேபம் ஆகாது. ஆனால் காரைக்குடி மாதிரி ஊரில் அந்தப் பலகையில் ஒரு பெயர் ஏறினால் மாலைக்குள் வீட்டுக்குச் சேதி போய்விடும். இந்தச் சட்டத்தின் ஆகப் பெரிய குறை இதுதான். மிரட்டல் வந்தால் காவல்துறைப் பாதுகாப்புக் கேட்கலாம். ஆணவக் கொலைகளைத் தடுக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொல்லியிருக்கிறது.

பலகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சொத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. செட்டிநாட்டில் பேச வேண்டியதே அதுதான். இங்கே ஒரு பெரிய வீடு முகப்பு, பட்டாலை, இரண்டாம் கட்டு என்று நீண்டு, பல தலைமுறைப் பங்காளிகளுக்குப் பொதுவாக நிற்கும். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே கூரைக்குள் தனிச் சமையல் கொடுத்து வேறு வைப்பார்கள். உலை தனி, சொத்து பொது. சிறப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பாகம் பிரியாத இந்துக் குடும்பத்து உறுப்பினர் ஒருவர் அந்தச் சட்டத்தில் மணம் செய்தால் அவர் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகவே கருதப்படுவார் என்கிறது. பங்கு பறிபோகாது. அன்றைய தேதிக்கு அவருக்கு என்ன பங்கோ அது அவருடையது. ஆனால் கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினர் என்ற நிலை முடிந்துவிடும். மகள்களும் பிறப்பாலேயே பங்குரிமை உள்ளவர்கள் என்பதை 2005 திருத்தமும் அதை விளக்கிய 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உறுதியாக்கிவிட்டதால், இந்தப் பிரிவு மகளையும் தொடும்.

அப்புறம் 21-ஆம் பிரிவு. இந்தச் சட்டத்தில் மணம் செய்தவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிரியாது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் நான்கு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. 1925 சட்டத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருப்பதால் தாய்க்கு ஒன்றுமில்லை. மகன் வாங்கிக் கொடுத்த வீட்டில் குடியிருக்கும் ஆத்தாவுக்குச் சட்டப்படி ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை என்ற நிலை இப்படித்தான் வரும்.

இதற்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. மணமக்கள் இருவருமே இந்து, பௌத்தர், சீக்கியர் அல்லது சமணர் என்றால், 1976-இல் சேர்த்த 21ஏ பிரிவின்படி 19-உம் 21-உம் அவர்களுக்குப் பொருந்தாது. சாதி மட்டும் வேறாக உள்ள இந்து ஜோடி சிறப்புச் சட்டத்தில் மணந்தாலும் சொத்துரிமை மாறாது. 'ஸ்பெஷல் மேரேஜ் செய்தால் பூர்வீகச் சொத்து போய்விடும்' என்று அப்பச்சி பயமுறுத்தினால், 1976-ஐக் காட்டலாம். ஆனால் அந்த ஜோடிக்கு முப்பது நாள் காத்திருந்து பெறும் லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நெருங்கிய முறையில் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சட்டம் இன்னும் சங்கடம். வழக்கத்தை விலக்காக இதுவும் ஏற்கிறது, ஆனால் அரசு அரசிதழில் அறிவித்த வழக்கமாக இருக்க வேண்டும். அத்தை மகள், மாமன் மகள் கல்யாணத்தை இந்து திருமணச் சட்டத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஆக, இரு மத ஜோடிக்குச் சிறப்புச் சட்டமே சரி, கூடவே ஓர் உயில். உயில் எழுதிவிட்டால் மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்கு கணக்கே எழாது. யாருக்கு எவ்வளவு என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. பல பங்காளிகள் உள்ள வீட்டில் ஒரு பங்குக்கு யார் வாரிசு என்பது தெளிவில்லாமல் போனால் மொத்த வீட்டையும் விற்கவோ பழுது பார்க்கவோ முடியாமல் கிடக்கும் என்பதால், பதிவு செய்துவிடுவதையே நான் சொல்வேன்.

கல்யாணமே வேண்டாம், சேர்ந்து வாழ்கிறோம் என்பவர்களின் நிலை என்ன? வயது வந்த இருவர் மணமாகாமல் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அதே ஆண்டு, கோயம்புத்தூர் தம்பதி ஒன்றின் வழக்கில், எது திருமணத்துக்கு ஒப்பான உறவு என்பதற்கு அளவுகோல் வைத்தது: கணவன் மனைவி போலவே வெளியுலகுக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், திருமண வயது வேண்டும், மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக, அதாவது வேறு துணை இல்லாதவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இவை இருந்தால் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பும் ஜீவனாம்சமும் உண்டு. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களைத் தம்பதியாகவே கருதலாம் என்ற அனுமானமும் சாட்சியச் சட்டத்தின் வழியே கிடைக்கும். ஆனால் அது வழக்குப் போட்டு வாதாடிப் பெற வேண்டியது. இறப்புக்குப் பிறகு, துணைவர் வாரிசுப் பட்டியலிலேயே கிடையாது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் பெயர் வராது. தம்பதியாகத் தத்து எடுக்கவும் முடியாது. அதற்கு இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை கேட்கிறார்கள்.

இளையவர்களுக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். ஒழுக்கம் பற்றிய கவலையால் இல்லை, கிடைப்பது மிகக் குறைவு என்பதால். ஆனால் துணையை இழந்த அறுபது வயதுக்காரர்கள் இருவர் சேர்ந்திருக்க விரும்பினால் கணக்கு மாறும். மறுமணம் செய்தால் கணவர் வழி குடும்ப ஓய்வூதியம் பொதுவாக நின்றுவிடும். அதுவே வருமானம் என்றால் தயக்கம் நியாயமானது. 'மறுமணம் செய்தால் முதல் கணவர் சொத்தும் போய்விடும்' என்ற பயம் மட்டும் தேவையில்லை. 1856-ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டத்தின் அந்த விதி காலாவதியாகிவிட்டது. அவர் இறந்தபோதே வந்து சேர்ந்த பங்கு மறுமணத்தால் திரும்பப் போகாது. ஓய்வூதியத்துக்காக மணம் தவிர்ப்பவர்கள், உயிர் இருக்கும்போதே பரஸ்பரம் உயில் எழுதிவிட வேண்டும். வங்கியில் நாமினி போட்டதோடு நின்றுவிடக் கூடாது. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்கும் ஆள்தான், உரிமையாளர் இல்லை.

ஒருபால் ஜோடிகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகும் திருமணம் என்ற வழி திறக்கவில்லை. அவர்களுக்கு உயிலும் கூட்டுப் பத்திரமும்தான் இப்போதைக்குக் கருவி. திருநங்கை ஒருவரும் ஆண் ஒருவரும் என்றால் நிலைமை வேறு. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று சொல்லி, தூத்துக்குடித் தம்பதியின் திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டது. சிவகங்கையும் புதுக்கோட்டையும் அந்தக் கிளையின் எல்லைதான்.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்து பூர்வீக வீட்டில் கல்யாணம் செய்துகொண்டு போகிறவர்கள். இருவரும் இந்துக்கள் என்றால் குடியுரிமை எதுவானாலும் இந்து முறையில் மணந்து, கிளம்பும் முன்பே பதிந்து, சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் என்ற அரசு முத்திரையோ தூதரக ஒப்புதலோ பெற்றுவிடலாம். மலேசியக் குடிமக்கள் அந்நாட்டுச் சட்டப்படி அங்கேயும் பதிய வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அங்கே கோயில் கல்யாணம் மட்டும் போதாது. மணமகனோ மணமகளோ வேறு மதம் என்றால் மூன்று வாரத்தில் சிறப்புச் சட்டம் நடக்காது. குடியிருப்பு முப்பது, அறிவிப்பு முப்பது என்று அறுபது நாள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தாங்கள் வசிக்கும் நாட்டிலேயே பதிவுத் திருமணத்தை முடித்துவிட்டு, இங்கே மாலை மாற்றி விருந்து வைக்கலாம். இந்தியக் குடிமகன் ஒருவராவது இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் 1969-ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படியும் மணக்கலாம். அதிலும் முப்பது நாள் அறிவிப்பு உண்டு. எப்படியானாலும், சட்டப்படி நடந்த முதல் தேதியையே எல்லாப் படிவங்களிலும் எழுதுங்கள். ஊரில் நடந்த இரண்டாவது விழாவைப் புதிய திருமணமாகச் சார்பதிவாளரிடம் பதிந்துவிட்டால், ஒரே ஜோடிக்கு இரண்டு சான்றிதழ், இரண்டு தேதி என்று ஆகி, விசா அதிகாரியின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.